தலைக்கணக்கு

2010-ல் வங்கிகளுக்கு ஒரு எண் தரப்பட்டது: 2000. வங்கியே எட்டிப் பார்க்காத கிராமங்களில், ஜனத்தொகை 2000-க்கு மேல் உள்ளவற்றுக்கு 2012 மார்ச்சுக்குள் ஏதாவது ஒரு வகையில் வங்கிச் சேவை போய்ச் சேர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் திட்டம். அதற்குக் குறைந்தவை அடுத்த கட்டத்துக்கு விடப்பட்டன. நல்ல திட்டம்தான். எங்கோ ஓர் இடத்தில் ஆரம்பிக்க வேண்டும். ஆரம்பிப்பதற்கு ஒரு கோடு வேண்டும். நான் குமாஸ்தாவாகச் சேர்வதற்கு முன்பே போடப்பட்ட கோடு இது. ஆனால் என் மேஜைக்கு வரும் காகிதங்களில் இதைப் போன்ற கோடுகள் ஏதாவது ஒரு வடிவில் இருந்துகொண்டேயிருக்கின்றன. இத்தனை தலை இருந்தால் இது உண்டு. இல்லையென்றால் இல்லை.

இந்தக் கட்டுரை ஒரு மறுப்புக் குறிப்பைப் பற்றியது. அதை எழுதியவன் நான். அதற்கு வருவதற்கு முன் கொஞ்சம் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது.

தொழில்நுட்பம் முன்னேறுவது எதனால் என்ற கேள்விக்கு நம் வட்டத்தில் தயாராக ஒரு பதில் இருக்கிறது: தனி மனித மேதையால். இலக்கியத்துக்கு நாம் வைத்திருக்கும் அதே பதிலை யந்திரத்துக்கும் கொடுத்துவிடுகிறோம். ஒருவன் தனியாக உட்கார்ந்து சிருஷ்டிக்கிறான்; கூட்டம் பிறகு வந்து அனுபவிக்கிறது. இந்தச் சித்திரம் நமக்கு உவப்பானது, ஏனென்றால் நாம் சிலர்; கூட்டம் வேறெங்கோ இருக்கிறது. தனுஷ்கோடிக்குப் போய் வந்த பிறகு இந்தச் சித்திரத்தை என்னால் வைத்துக்கொள்ள முடியவில்லை.

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. கடலுக்கு மேல் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளம். கப்பலுக்கு வழிவிட நடுவில் பிளந்து தூக்கிக்கொள்ளும் பகுதி, சிகாகோவின் ஷெர்ஸர் கம்பெனியின் வடிவம். அதே ஆண்டிலிருந்து சென்னையில் ரயில் ஏறியவர் தனுஷ்கோடிப் படகுத்துறையில் இறங்கி, கப்பலில் கடலைக் கடந்து, தலைமன்னாரில் மறுபடி ரயிலேறிக் கொழும்பு போகலாம். மணல்திட்டின் நுனியில் ரயில் நிலையம், தபால் ஆபீஸ், சுங்கச் சாவடி, பள்ளிக்கூடம், கோயில், மாதா கோயில் எல்லாம் வந்தன.

எதற்காக வந்தன? ராமநாதசுவாமியைத் தரிசிக்க வருபவர்களுக்காக என்று நினைப்பது இயல்பு. பக்தர்கள் பல நூற்றாண்டுகளாகத் தோணியில் வந்துகொண்டுதான் இருந்தார்கள். யாரும் அவர்களுக்காகக் கடலில் தூண் இறக்கவில்லை. பாலத்தை வரவழைத்த ஜனத்தொகை வேறு. இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், 1869-க்குப் பிறகு காப்பி இலையில் துருநோய் பரவித் தோட்டங்கள் அழிந்தபின் வந்த தேயிலைத் தோட்டங்களுக்கும், கூலிக்குப் போன தமிழர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவர்கள் தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைவரை நடந்தார்கள். வழியில் காலராவிலும் தாகத்திலும் செத்தவர்கள் பலர். தோட்டத்துக்கு ஆள் வேண்டும், ஆள் உயிரோடு வர வேண்டும், வரிசையாக வந்துகொண்டே இருக்க வேண்டும் என்ற தேவை முற்றியபோதுதான் கடலில் தண்டவாளம் போடுவது கட்டுப்படியாகக்கூடிய காரியமாயிற்று. அப்படிப் போனவர்களை மண்டபம் முகாமில் தடுத்து வைத்துப் பரிசோதித்துக் கணக்கெடுத்த பிறகே கப்பலேற்றினார்கள்.

ஆக, பாலம் ஷெர்ஸரின் மூளையிலிருந்து பிறந்ததாகச் சொன்னால் அது பாதி உண்மை. அதே வடிவம் சிகாகோவில் காகிதத்தில் இருந்திருக்கும், பாம்பனில் இராது. பாம்பனுக்கு அது வந்து சேர ஆயிரக்கணக்கான ஏழைகளின் வயிறு தேவைப்பட்டது. திறக்கப்பட்ட பிறகும் அந்தப் பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் நின்று கையால் நெம்பித்தான் தூக்கினார்கள். இருபதாம் நூற்றாண்டின் யந்திரம், கூலியின் புஜபலத்தில் திறந்தது.

இந்த விஷயத்தைப் பொதுப்படையாகச் சொன்னவர்கள் இருக்கிறார்கள். மால்தஸ் 1798-ல், ஜனத்தொகை பெருகும், உணவு அதற்கு ஈடுகொடுக்காது என்று எச்சரித்தார். 1965-ல் எஸ்தர் போஸரப் என்ற டேனிஷ் பெண்மணி இதைத் திருப்பிப் போட்டார்: ஜனநெருக்கடிதான் மனிதனைப் புதிய சாகுபடி முறைகளுக்குத் தள்ளுகிறது, நெருக்கடி இல்லாத இடத்தில் கடினமாக உழைக்கும் அவசியமே யாருக்கும் இல்லை. 1993-ல் மைக்கேல் கிரெமர் இன்னும் எளிமையாகச் சொன்னார்: தலைகள் அதிகமானால் யோசனைகளும் அதிகம், ஒருவர் கண்டுபிடித்ததை எல்லோரும் செலவில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், ஆகவே பெரிய கூட்டம் வேகமாக முன்னேறும். பனியுகம் முடிந்து கடல் உயர்ந்தபோது ஒன்றிலிருந்து ஒன்று துண்டிக்கப்பட்ட நிலப்பரப்புகளை அவர் உதாரணம் காட்டினார். மிகப் பெரிய பரப்பான பழைய உலகம் முன்னே போயிற்று. டாஸ்மேனியா மிகவும் பின்தங்கியது. அதைவிடச் சிறிய ஃபிளிண்டர்ஸ் தீவில் மனிதர்களே இல்லாமல் போனார்கள்.

டாஸ்மேனியா விவகாரம் என்னைக் கொஞ்ச நாள் தூங்கவிடவில்லை. சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் ஆஸ்திரேலியாவிலிருந்து கடலால் பிரிக்கப்பட்ட தீவு. ஐரோப்பியர் வந்தபோது அங்கே சில ஆயிரம் பேர் இருந்தார்கள். அவர்களுடைய முன்னோர்களிடம் இருந்த எலும்புக் கருவிகள் அவர்களிடம் இல்லை. முன்னோர்கள் மீன் தின்றார்கள். இவர்கள் மீன் தின்பதையே விட்டிருந்தார்கள். ஆள் குறைந்தால் கற்றுக்கொடுப்பவனும் கற்றுக்கொள்பவனும் குறைகிறார்கள், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு நுணுக்கம் உதிர்கிறது என்று ஒரு விளக்கம். அவர்களுக்கு அவை தேவைப்படவில்லை, அதனால் விட்டார்கள் என்று மறுப்பும் இருக்கிறது. எது சரி என்பது அறிஞர்கள் தீர்க்க வேண்டியது. எனக்குப் பட்டது வேறு. கருவிகள் குறைந்த அந்த ஜனங்கள் பல்லாயிரம் ஆண்டுகள் அங்கே வாழ்ந்தார்கள். 1803-ல் குடியேறத் தொடங்கிய கருவிகள் மிகுந்த கூட்டம் முக்கால் நூற்றாண்டுக்குள் அவர்களைக் கிட்டத்தட்ட ஒழித்தது. 1876-ல் ட்ருகனினி என்ற பெண் இறந்ததும் டாஸ்மேனியர் இனமே முடிந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். முடியவில்லை. அவர்களுடைய வம்சத்தார் இன்றும் இருக்கிறார்கள். இருப்பவர்களை இல்லை என்று அறிவிப்பது எண்ணிக்கையில் பெரியவர்களுக்குக் கைவந்த கலை.

தனுஷ்கோடிக்குத் திரும்புகிறேன்.

1964 அக்டோபர் 30-ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளித் தமிழர் சுமார் 9,75,000. இதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேரை இலங்கை ஏற்கும். மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். 1974-ல் பேசினார்கள்; ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். எந்தத் தலைகளின் எண்ணிக்கை பாலத்தை வரவழைத்ததோ, அந்தத் தலைகள் இப்போது சில்லறை இல்லாத முழுத்தொகைகளாகப் பங்கிடப்பட்டன.

ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள், டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி, புயல் தனுஷ்கோடியை அடித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயில், ஊரைத் தொடுவதற்குச் சற்று முன், நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு கடலில் போயிற்று. மொத்தச் சாவு சுமார் 1800 என்று கணக்கு. பாம்பன் பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. தூக்குப் பகுதி மட்டும் நின்றது.

இதற்குப் பிறகு நடந்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். பாலத்தைச் சீராக்க முதலில் 6 மாதம் கெடு வைத்தார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் கடலில் கிடந்த கர்டர்களை எடுத்துக்கொண்டு 46 நாட்களில் முடித்தார். பெரிய சாதனை, இன்றும் பேசுகிறோம். அதே புயலில் அழிந்த தனுஷ்கோடியோ 'வாழத் தகுதியற்ற பகுதி' என்று அறிவிக்கப்பட்டது. தண்டவாளம் ராமேஸ்வரத்தோடு நின்றது. கப்பலும் ராமேஸ்வரத்திலிருந்து புறப்படலாயிற்று. தாயகம் திரும்பியவர்கள் அந்தக் கப்பலில்தான் வந்து இறங்கினார்கள். 1980-களில் அதுவும் நின்றது. பாலத்தைக் கட்டிய கை அதே கைதான். இரும்பும் தட்டுப்படவில்லை, திறமையும் தட்டுப்படவில்லை. ராமேஸ்வரம்வரை கணக்கில் தலைகள் இருந்தன. அதற்கு அப்பால் இல்லை.

இங்கே நியாயத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பு தவறென்று நான் வாதிடவில்லை. ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல்; நடுவில் சில இடங்களில் ஒரு கல்லெறி தூரம்கூட இல்லாத மணல். அங்கே மறுபடி ஓர் ஊரைக் கட்டி ஜனங்களைக் குடிவைப்பது அடுத்த புயலுக்குப் பலிகொடுப்பதாக முடிந்திருக்கும். உயிருக்குப் பயந்து செய்த முடிவை எண்ணிக்கைக்காகச் செய்த முடிவென்று சொல்வது சுலபமான கோபம். அப்படித்தான் நானும் நினைத்துச் சமாதானமடைந்திருந்தேன், 2017-ல் போட்ட சாலையை யோசித்துப் பார்க்கும்வரை.

அந்த ஆண்டு ஜூலையில் முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைவரை சுமார் 9.5 கிலோமீட்டருக்குத் தார்ச்சாலை திறக்கப்பட்டது. அதே மணல், அதே இரண்டு கடல், அதே காற்று. பகலில் வேனும் பஸ்ஸுமாக ஜனங்கள் வந்து, இடிந்த மாதா கோயிலின் முன் படம் எடுத்துக்கொண்டு, சாயந்திரத்துக்குள் திரும்பிவிடுகிறார்கள். இரவில் அவர்களுக்கு அனுமதி இல்லை. 2019-ல் ராமேஸ்வரம்–தனுஷ்கோடி ரயில்பாதைக்கு அடிக்கல்கூட நாட்டப்பட்டது, ரயில் வரவில்லை. பாம்பனில் மட்டும் 2025 ஏப்ரலில் புதிய பாலம் வந்தது. அதன் நடுப்பகுதி யந்திரத்தால் செங்குத்தாக மேலே போகிறது. வாழத் தகுதியற்ற நிலம், பார்க்கத் தகுதியுள்ள நிலமாகியிருக்கிறது. நிலம் மாறவில்லை. வரும் தலைகளின் எண்ணிக்கை மாறியது. ஆபத்து என்ற காரணம் பொய்யில்லை. ஆனால் அது ஒரு பக்கத்துக்கு மட்டும் பேசுகிற காரணம்.

இத்தனைக்கும் நடுவில் அங்கே குடியிருந்தவர்கள் இருந்துகொண்டுதான் இருந்தார்கள். ஓலைக் குடிசை, சிலவற்றின் கூரையில் சூரியத் தகடு. குடிநீருக்கு அவர்கள் செய்வதைப் பார்த்தேன். கடலிலிருந்து சிறிது தள்ளி மணலைக் கையால் தோண்டுகிறார்கள். முழங்கை ஆழத்தில் ஊறுகிறது. சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றுகிறார்கள். இனிக்கிறது. இதன் சூட்சுமம் இது: மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிடக் கனமான உப்புநீரின் மேல் ஒரு படலமாக மிதந்து நிற்கிறது. ஐரோப்பாவில் இரண்டு பொறியாளர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியை ஒட்டித் தனித்தனியே இதைக் கணக்கிட்டுச் சொன்னார்கள். அரிச்சல்முனைக்காரர்களிடம் கணக்கு இல்லை, அளவு இருக்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு. வேகமாக இறைத்தாலும் உப்பு. மோட்டார் வைத்தால் கீழிருந்து உப்புநீர் ஏறி ஊற்றே கெட்டுவிடும். சிரட்டை அங்கே ஏழ்மையின் அடையாளம் மட்டுமில்லை. அந்தப் படலம் தாங்கும் வேகம் சிரட்டையின் வேகம்தான்.

கிரெமரின் கணக்கு இங்கே உதைக்கிறது. சிலர் இருந்தால் மட்டுமே நிலைக்கக்கூடிய தொழில்நுட்பமும் இருக்கிறது. ஆள் பெருகினால் அது முன்னேறாது, செத்துப்போகும்.

இதை வைத்துச் சிறுபான்மையின் மகத்துவம் என்று ஒரு பாட்டு ஆரம்பித்துவிடலாம். நமக்கு அது பழக்கம். ஆனால் அதே கரையில், நூறு அடி தள்ளி, எதிர்ச்சாட்சியும் இருக்கிறது: கரைவலை. வலையைத் தோணியில் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விட்டுவிட்டு, இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரு வரிசையாக நின்று இழுக்க வேண்டும். மடி கரைசேரும்வரை மணிக்கணக்கில் இழுக்க வேண்டும். ஏழெட்டுப் பேரால் ஆகாது. பையன்கள் படித்து வெளியூர் போய்விட்டால், வலை இருந்தும், கடல் இருந்தும், மீன் இருந்தும், தொழில் இல்லை. நுணுக்கம் தெரிந்த கிழவர் கரையில் உட்கார்ந்திருப்பார், இழுக்க ஆளில்லை. ஊற்றுக்கு ஆள் குறைய வேண்டும். வலைக்கு ஆள் கூட வேண்டும். இரண்டும் ஒரே குடிசையின் தேவைகள். ஆகவே எத்தனை பேர் என்ற கேள்வியை எதற்கு எத்தனை பேர் என்ற கேள்வியிலிருந்து பிரித்தால் அது வெறும் எண்ணாகிவிடுகிறது. எந்த எண்ணும் தன்னளவில் நியாயமோ அநியாயமோ இல்லை. அது எதன் பொருட்டு எண்ணப்பட்டது என்பதில்தான் விவகாரம் இருக்கிறது.

இப்போது அந்தக் குறிப்பு.

ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மாள். சாலையோரம் ஓலைக் கொட்டகையில் வறுத்த மீனும் கருவாடும் விற்கிறார். ஐஸ்பெட்டிக்கும் கடையைக் கொஞ்சம் கெட்டிப்படுத்தவும் 50,000 ரூபாய் கேட்டு மனுக் கொடுத்திருந்தார். அதிகாரியோடு நானும் இடத்தைப் பார்க்கப் போனேன். பட்டா இல்லை, அந்த ஊரில் பட்டா எங்கிருந்து வரும். பிணை கேட்கக் கூடாத வகைக் கடன் என்பதால் பட்டா இல்லை என்பதைக் காரணமாக எழுத முடியாது. எவ்வளவு வியாபாரம் ஆகிறது என்று கேட்டோம். சொன்னார். ஊரில் எத்தனை குடும்பம் என்று கேட்டேன். படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை, என் பழக்கம் கேட்டது.

"தலைக்கட்டா தம்பி? எங்கள யாரு எண்ணுனா? ரோட்டுல எத்தன வண்டி வருதுன்னுதான் எண்ணுறாக. அதுல ஒருத்தரும் ராத்திரி இங்கன படுக்குறதில்ல" என்றார்.

தலைக்கட்டு என்ற சொல்லை அவர்தான் எடுத்துக் கொடுத்தார். கோயில் திருவிழாவுக்கு வரி போடும்போது எங்கள் ஊரிலும் தலைக்கட்டுக் கணக்குதான். வரி கொடுக்கிற தலைக்கட்டுக்குப் பிரசாதத்தில் பங்கு உண்டு, பேச்சில் இடம் உண்டு. அங்கே எண்ணப்படுவது என்றால் சேர்க்கப்படுவது என்று அர்த்தம். என் காகிதங்களில் எண்ணப்படுவது என்றால் சல்லடையில் போடப்படுவது என்று அர்த்தம். இரண்டையும் ஒரே வினைச்சொல்லால் குறிக்கிறோம்.

திரும்பி வந்து நான் எழுதினேன்: 'தொழில் நடக்கும் இடத்தின் நிலைத்தன்மை ஐயத்துக்குரியது, உள்ளூர் ஜனத்தொகை போதுமானதாக இல்லை.' அதிகாரி படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு வாக்கியமும் உண்மை. அம்மாளின் வியாபாரம் உள்ளூர் ஜனத்தொகையை நம்பியதே இல்லை என்பதும் உண்மை. அதை நான் எழுதவில்லை. யாரும் என்னை நிர்ப்பந்திக்கவில்லை. கோடு இருந்தது, கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று எழுதுவது சௌகரியமாக இருந்தது.

இதைப் படிக்கும் நாம் எத்தனை பேர்? சில நூறு. 2000 என்ற கோட்டை நமக்குப் போட்டால் நாமும் தேற மாட்டோம். இருந்தும் இந்தப் பத்திரிகை அச்சாகிறது. அச்சு யந்திரம் நமக்காகச் செய்யப்பட்டதில்லை. கல்யாணப் பத்திரிகைக்கும் தேர்தல் நோட்டீஸுக்கும் செய்யப்பட்டது. தபால்காரர் நமக்காக நியமிக்கப்பட்டவரில்லை. லட்சக்கணக்கானவர்களின் தேவை நிறுத்தி வைத்த கூரையின் ஓரத்தில், வாடகை கொடுக்காமல் நாம் குடியிருக்கிறோம். சிலராக இருப்பது பெருமை என்று எழுதும்போதெல்லாம் இந்தப் பாக்கியை மறந்துவிட்டுத்தான் எழுதுகிறோம். முன்னேற்றத்துக்குக் கூட்டம் வேண்டும் என்பதை நான் இனி மறுக்கப் போவதில்லை. கூட்டம் இல்லாமல் பாலம் இல்லை. ஆனால் பாலம் வந்த பிறகு, யார் அதில் ஏறலாம் என்பதையும் அதே கணக்கே தீர்மானிக்கட்டும் என்பது வேறு வாதம். முதலாவது பொருளாதாரம். இரண்டாவதை ஒரு மனிதன் தீர்மானிக்கிறான். எண்ணின் பின்னால் நின்றுகொண்டு தீர்மானிக்கிறான். கூட்டத்தால் மட்டுமே சாத்தியமான ஒன்று, கூட்டத்தில் சேராதவனுக்கு எவ்வளவு தூரம் போய் எட்டுகிறது என்பதைக் கொண்டுதான் அந்த முன்னேற்றம் யாருடையது என்று சொல்ல முடியும்.

அம்மாள் பிறகு ஒருநாள் கிளைக்கு வந்தார். ஏன் ஆகவில்லை என்று கேட்டார். "ஊரில் ஆள் போதாதாம்மா" என்றேன். "போதாதாம்" என்று சொன்னேன், வேறு யாரோ சொன்னதைப் போல. அவர் என்னைப் பார்த்துவிட்டு, "சரி சார்" என்றார். தனுஷ்கோடியில் தம்பியாக இருந்தவன் கவுன்ட்டரில் சார் ஆனேன்.

அவர் மறுபடி மனுக் கொடுத்தால் கடன் கிடைக்கும் என்று உறுதி சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. குறிப்பு எழுதுவது மட்டும் என் வேலை. அதில் இந்த முறை வண்டிகளின் கணக்கையும் எழுதுவேன். மறுக்கத்தான் வேண்டுமென்றால், ஜனத்தொகை மறுத்ததாக எழுதாமல், நான் மறுக்கிறேன் என்று எழுதிக் கீழே என் பெயரைப் போட வேண்டும். அவரிடமும் அப்படியே சொல்ல வேண்டும்.